கஃபீலின் கையெழுத்து இல்லாமல் மாறிய இக்காமா

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஒரு முன்னிரவு, கிடங்கில் அன்றைய இருப்புக் கணக்கை முடித்துவிட்டு அறைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, சவூதி அரேபியாவில் வேலை ஒப்பந்தங்களைப் பதிவு செய்யும் அரசு இணையதளமான கிவாவிலிருந்து என் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. தம்மாமில் உள்ள வேறொரு நிறுவனம் என் சேவையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பித்திருப்பதாகவும், உள்ளே நுழைந்து அதை நான் ஏற்கலாம் அல்லது நிராகரிக்கலாம் என்றும் அதில் எழுதியிருந்தது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அரசுத் தளங்களுக்கு நம் அடையாளத்தை உறுதிசெய்யும் நஃபாத் செயலியில் இரண்டிலக்க எண்ணைத் தேர்ந்தெடுத்து உள்ளே நுழைந்தேன். ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தேன். பிறகு நிராகரித்தேன்.

நான்கு மாதங்களாக அலைந்து தேடிய வேலையை ஏன் நிராகரித்தேன் என்று சொல்வதற்கு முன், ஏழு ஆண்டுகளுக்கு முன்னால் இதே காரியம் எப்படி நடந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். அதைக் கண்ணால் பார்க்காதவர்களுக்கு, நிராகரிக்க ஒரு பொத்தான் கையில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எளிதில் விளங்காது.

2016-இல் நான் ஜுபைலில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். அந்தக் காலத்தில் இக்காமா, அதாவது ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்ட நம் குடியிருப்பு அனுமதி, வேறு முதலாளிக்கு மாற வேண்டுமென்றால் முதலில் வேண்டியது தனாசில். நாம் பேச்சுவழக்கில் ரிலீஸ் என்று சொல்லும் அந்த ஒற்றைத் தாள். நிறுவனத்தின் பெயர் அச்சிட்ட தாளில், இந்த எண்ணுள்ள இக்காமாவைக் கொண்ட ஊழியரை விட்டுக்கொடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதி, கஃபீல், அதாவது நம் இக்காமாவுக்குப் பொறுப்பான முதலாளி, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, அதன்மேல் வர்த்தக சபையின் சான்றும் வாங்கியாக வேண்டும். அதற்குப் பிறகுதான் புதிய நிறுவனத்தின் மந்தூப், அதாவது அரசு அலுவலகங்களுக்கு நடக்கும் ஆள், மக்தப் அமல் என்ற தொழிலாளர் அலுவலகத்துக்கும் ஜவாசாத் என்ற கடவுச்சீட்டு அலுவலகத்துக்கும் போவார். கஃபீல் கையெழுத்திட மறுத்தால் பேச்சு அத்துடன் முடிந்தது. எனக்கு அவர் மறுக்கவில்லை. ஆறாயிரம் ரியால் கேட்டார். மூன்று மாதம் இழுத்தடித்து நாலாயிரத்துக்கு ஒத்துக்கொண்டார். ரசீது கிடையாது. மாற்றத்துக்கான அரசுக் கட்டணம் 2,000 ரியாலையும், அது என் பொறுப்பில்லை என்பது தெரியாமல், நானே கட்டினேன்.

கஃபீலைச் சுற்றிப் போகும் வழி அப்போதும் ஒன்று இருந்தது. 2011-இல் வந்த நிதாகாத் திட்டத்தின்படி, போதிய சவூதிக் குடிமக்களை வேலைக்கு அமர்த்தாத நிறுவனங்கள் சிவப்பு வகையில் தள்ளப்பட்டன. அத்தகைய நிறுவனத்தின் ஊழியர் முதலாளியின் சம்மதம் இல்லாமலே வேறு இடத்துக்கு மாறலாம். அதனால் எங்கள் தங்குமிடத்தில் 'நம்ம கம்பெனி சிவப்புக்குப் போயிடுச்சா' என்று விசாரிப்பது ஒரு அன்றாட வழக்கமாகவே இருந்தது. தான் வேலை செய்யும் நிறுவனம் தரத்தில் இறங்க வேண்டும் என்று ஊழியர்களே ஆசைப்பட்ட விந்தையை வேறெங்கும் நான் கண்டதில்லை. 2013-ஆம் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி நவம்பர் தொடக்கம் வரை நீண்ட சலுகைக் காலத்தில் இலட்சக்கணக்கானோர் தங்கள் நிலையைச் சரிசெய்துகொண்டார்கள். அப்போது இந்த நாட்டுக்கு வந்து ஓராண்டே ஆகியிருந்த எனக்கு, அலுவலக வாசல்களில் விடியும் முன்பே நின்ற வரிசைகள்தான் நினைவில் இருக்கின்றன.

இந்த ஏற்பாட்டை மாற்றும் அறிவிப்பு 2020 நவம்பர் 4-ஆம் தேதி வந்தது. 2021 மார்ச் 14 முதல் நடைமுறைக்கு வந்தது. தனியார் துறை ஊழியர் ஒருவர், தன் நிறுவனத்தில் ஓராண்டு நிறைவு செய்திருந்தால், உரிய முன்னறிவிப்புக் காலத்துடன், முதலாளியின் சம்மதம் கேட்காமலே வேறு நிறுவனத்துக்கு மாறலாம் என்பது அதன் சாரம். அன்றைக்குப் பல செய்தித் தலைப்புகள் கஃபீல் முறையைக் குறிக்கும் சொல்லால் 'கஃபாலா ஒழிந்தது' என்று முழங்கின. அதற்குப் பிறகும் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை அதே தலைப்பு புதுச்செய்திபோல வாட்ஸப்பில் சுற்றுகிறது. ஒழியவில்லை. இக்காமா இன்றும் ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டதுதான். வீட்டு ஓட்டுநர், வீட்டுப் பணியாளர், தோட்டக்காரர், மேய்ப்பர், பண்ணைத் தொழிலாளி ஆகியோர் அந்தச் சீர்திருத்தத்துக்கு உள்ளே வரவே இல்லை. அவர்களுக்கு, வீட்டுப் பணியாளர்களுக்கான முசானத் தளம், பொதுவான அரசுச் சேவைகளுக்கான அப்ஷிர் தளம் வழியாகத் தனி நடைமுறையும் தனி விதிகளும் உள்ளன. ஆகவே 'என் மச்சான் ஹவுஸ் டிரைவர், அவனும் கிவாவில் மாறிக்கொள்ளலாமா' என்று கேட்பவர்களுக்கு, இந்தப் பதிவு அவருக்கானது அல்ல என்றுதான் சொல்ல முடிகிறது.

ஆனால் நிறுவன ஊழியர்களைப் பொறுத்தவரை ஒன்று உண்மையாகவே இடம் மாறியது. கஃபீலின் கையெழுத்துக்கு இருந்த இடத்தில் இப்போது தேதிகள் உட்கார்ந்திருக்கின்றன. ஒப்பந்தம் கிவாவில் பதிவான தேதி, அது முடியும் தேதி, விண்ணப்பத்தை நாம் ஏற்ற தேதி, அதிலிருந்து எண்ண வேண்டிய தொண்ணூறு நாள் முன்னறிவிப்புக் காலம், இக்காமா காலாவதியாகும் தேதி. கஃபீலிடம் கெஞ்சலாம், பேரம் பேசலாம்; தேதியிடம் அது நடக்காது. என்னோடு இருந்தவர்களில் இக்காமா மாற்றத்தில் சிக்கிக்கொண்டவர்கள் பெரும்பாலும் இந்தத் தேதிகளில் ஒன்றைத்தான் தவறவிட்டிருந்தார்கள்.

நான் முதலில் பார்த்தது கிவாவில் என் ஒப்பந்தத்தை. ஏழு ஆண்டு வேலை செய்த இடம் என்றாலும், கிவாவில் பதிவான ஒப்பந்தமே கணக்கில் வரும். அலமாரியில் இருக்கும் காகித ஒப்பந்தம் அங்கே பேசாது. முன்பு சொன்ன மாற்றத்தில் நான் இந்த நிறுவனத்தில் சேர்ந்தது 2016 ஜூன் 1. ஒப்பந்தம் ஆண்டுதோறும் தானே புதுப்பித்துக்கொள்வது. ஆகவே நடப்பு ஒப்பந்தம் 2023 மே 31-இல் முடிகிறது. வெளிநாட்டு ஊழியரின் ஒப்பந்தம் எப்போதும் காலவரையறை உடையதாகவே கருதப்படும் என்பது இந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம். இதை நம்மில் பலர் பொருட்படுத்துவதில்லை. காலவரையறை உள்ள ஒப்பந்தத்தை நியாயமான காரணமின்றி நடுவில் முறித்தால், எஞ்சிய மாதங்களுக்கான இழப்பீட்டை மறுதரப்பு கேட்கச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு இடம் தருகிறது. மாறுவதற்கு உரிமை உண்டு என்பதும், மாறினால் பணம் கேட்க மாட்டார்கள் என்பதும் வெவ்வேறு விஷயங்கள்.

அதைவிட எனக்கு முக்கியமாக இருந்தது பணிக்கொடை. என் கடைசிச் சம்பளம் படிகளுடன் சேர்த்து 4,000 ரியால். முதல் ஐந்து ஆண்டுக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம், அதற்குமேல் ஆண்டொன்றுக்கு முழு மாதச் சம்பளம் என்பது கணக்கு. ஐந்து ஆண்டுக்கு 10,000, அடுத்த இரண்டு ஆண்டுக்கு 8,000, ஆக 18,000 ரியால். ஒப்பந்தம் முடிந்து வெளியேறினால் இது முழுவதும் வரும். நடுவில் ராஜினாமா செய்தால், சேவைக்காலம் ஐந்துக்கும் பத்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் என்பதால், மூன்றில் இரண்டு பங்குதான்: ஏறக்குறைய 12,000. மார்ச்சிலேயே போய்விட வேண்டும் என்று புதிய நிறுவனம் அவசரப்படுத்தியபோது, அந்த அவசரத்தின் விலை ஏறக்குறைய ஆறாயிரம் ரியால் என்று எனக்குத் தெரிந்திருந்தது. 2016-இல் கஃபீல் முதலில் கேட்ட அதே தொகை என்பதை அன்றிரவு கணக்குப் போட்டபோது கவனித்தேன், சிரிப்புத்தான் வந்தது.

ஆகவே ஜூன் 1 அன்று சேர்கிறேன் என்றும், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விருப்பமில்லை என்று பழைய நிறுவனத்துக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றும் புதியவர்களிடம் சொன்னேன். முனகினார்கள், ஒத்துக்கொண்டார்கள். அதன் பிறகு வந்ததுதான் அந்தப் பிப்ரவரி மாதக் குறுஞ்செய்தி.

இனி அந்த நிராகரிப்பு. வேலைக்கான கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் 4,000, வீட்டுப்படி 700, போக்குவரத்துப்படி 500, ஆக 5,200 ரியால் என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்கள். கிவா திரையில் அடிப்படைச் சம்பளம் இருந்தது, போக்குவரத்துப்படி இருந்தது, வீட்டுப்படிக்கு நேரே பூஜ்யம் இருந்தது. தொழிலுக்கு நேரே ஸ்டோர் கீப்பர் என்பதற்குப் பதில் சாதாரணத் தொழிலாளி என்று போட்டிருந்தது. மந்தூபைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். 'அது சும்மா சிஸ்டத்துக்காகப் போடுவது, நீங்கள் முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள் பாய், பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்றார். அந்த மனிதர் பொய் சொல்லும் நோக்கத்தில் அப்படிச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. பழைய விண்ணப்பம் ஒன்றை நகலெடுத்து என் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார் என்றே தோன்றியது. ஆனால் நாளைக்கு ஒரு வழக்கு வந்தால் தொழிலாளர் நீதிமன்றம் பார்க்கப்போவது இந்தத் திரையில் உள்ளதைத்தான், என் பையில் இருக்கும் கடிதத்தை முதலில் அல்ல. பணிக்கொடையும் விடுப்புச் சம்பளமும் இந்த எண்ணிலிருந்தே கணக்கிடப்படும். குடும்பத்தை அழைத்துக்கொள்ள விண்ணப்பிக்கும் நாளில் தொழிலின் பெயரே முட்டுக்கட்டையாக நிற்கலாம். 'சிஸ்டத்துக்காக' என்று அவர் அலட்சியமாகச் சொன்ன அந்த சிஸ்டம்தான் இனி என் கஃபீல்.

நிராகரிக்கும் பொத்தானை அழுத்தும்போது கை நடுங்கியது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கோபித்துக்கொண்டு வேறு ஆளைப் பார்த்துவிடுவார்களோ என்ற பயம் இருந்தது. நான்கு நாள் எந்தப் பதிலும் இல்லை. ஐந்தாம் நாள் திருத்திய விண்ணப்பம் வந்தது; வீட்டுப்படி 700 என்றும், தொழில் சரியாகவும் இருந்தது. பிப்ரவரி 26-ஆம் தேதி ஏற்றேன். அன்றிலிருந்து தொண்ணூறாம் நாள் மே 27. ஒப்பந்தம் முடிய நான்கு நாள் மிச்சம்.

கட்டணப் பேச்சு அதற்குப் பிறகு எழுந்தது. சேவை மாற்றத்துக்கு முதல் முறை 2,000 ரியால், இரண்டாம் முறை 4,000, மூன்றாம் முறையும் அதற்கு மேலும் 6,000. இது நிறுவனத்தைப் பொறுத்தது அன்று. அந்த ஊழியர் எத்தனை முறை மாறியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. எனக்கு இரண்டாம் முறை என்பதால் 4,000. இதை மாதம் ஐந்நூறாக எட்டு மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகக் கணக்குப் பிரிவிலிருந்து சொன்னார்கள். தொழிலாளர் சட்டத்தின் 40-ஆம் பிரிவு, இக்காமாவுக்கும் வேலை அனுமதிக்கும் அவற்றைப் புதுப்பிக்கவும் ஆகும் கட்டணங்களையும், தாமதத்துக்கான அபராதத்தையும், சேவையைத் தன்னிடம் மாற்றிக்கொள்ளும் முதலாளி அதற்கான கட்டணத்தையும் ஏற்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்கிறது. சண்டை போடவில்லை, அந்தப் பிரிவின் அரபு வாசகத்தைப் படமெடுத்து அனுப்பி, 'இதற்கு என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்' என்று மட்டும் எழுதினேன். அதன் பின் அந்தப் பேச்சு வரவில்லை. 2016-இல் இந்த ஒரு பிரிவு தெரிந்திருந்தால் என் 2,000 ரியால் மிஞ்சியிருக்கும்.

நிறுவனங்கள் ஏன் இப்படி நாலாயிரத்துக்குக் கணக்குப் பார்க்கின்றன என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டு ஊழியர் ஒருவருக்கு மாதம் 700 அல்லது 800 ரியால் என்ற தீர்வையுடன், ஆண்டுக்கு 650 ரியால் இக்காமா கட்டணமும், மருத்துவக் காப்பீடும் சேர்ந்தால், நம்மைக் கையில் வைத்திருப்பதற்கே ஆண்டுக்குப் பத்தாயிரம் ரியாலுக்கு மேல் போகிறது. சிறிய நிறுவனங்கள் இந்தச் சுமையில் மூச்சுத் திணறுவதைக் கண்டிருக்கிறேன். அதற்காக அதை ஊழியர் தலையில் கட்டுவது சரியாகிவிடாது.

என் கதை ஓரளவு நேராகப் போனது. பக்கத்து அறையில் இருந்த நண்பரின் கதை அப்படிப் போகவில்லை. அவருக்கும் ஒரு நல்ல இடத்திலிருந்து விண்ணப்பம் வந்தது. ஆனால் அவருக்குக் குறுஞ்செய்தி வரவில்லை. விசாரித்தால், அவர் நாட்டுக்கு வந்த புதிதில் அப்ஷிர் கணக்கைத் திறந்துகொடுத்தவர் பழைய மந்தூப், அதில் பதிவு செய்திருந்தது மந்தூபின் எண். எட்டு ஆண்டுகளாக இவர் பெயரில் வரும் ஒவ்வொரு உறுதிக் குறியீடும் வேறொருவர் சட்டைப் பையில் ஒலித்துக்கொண்டிருந்திருக்கிறது. விண்ணப்பம் ஏற்கப்படாமல் போய்விட்டது. பிறகு அப்ஷிர் தானியங்கி இயந்திரத்தில் விரல் ரேகை வைத்துத் தன் எண்ணைப் பதிந்துகொண்டார். அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது மகிழ்ச்சியா வெட்கமா என்று எனக்குப் புரியவில்லை. இதைப் படிப்பவர்களில் யாருடைய அப்ஷிர் எண் தங்களுடையது இல்லையோ, அவர்கள் வேலை தேடத் தொடங்கும் முன் செய்ய வேண்டியது அதுதான். அதேபோல், யாரோ அழைத்து 'நஃபாத்தில் 47 என்று வரும், அதை அழுத்துங்கள்' என்றால், எதற்கென்று தெரியாமல் அழுத்தக் கூடாது. தனாசில் தாளில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுவதும் இதுவும் ஒன்றே.

இன்னொரு சகா விண்ணப்பத்தை ஏற்ற மறுநாளே இக்காமா மாறிவிட்டதாக நினைத்து வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். முன்னறிவிப்புக் காலம் முழுவதும் நாம் பழைய முதலாளியின் ஊழியர்தான். வராதவர் என்று நிறுவனம் பதிவு செய்தது. முன்பென்றால் இதுவே ஹுரூப், அதாவது தலைமறைவு என்ற பதிவு. இக்காமாவே முடங்கி, பிடிபட்டால் நாடு கடத்தப்படும் நிலை. 2022-இல் இந்த நடைமுறை தணிந்தது. இப்போது முதலில் 'வேலையிலிருந்து விலகியவர்' என்ற நிலை வருகிறது. அதன்பின் அறுபது நாளுக்குள் வேறு நிறுவனத்துக்கு மாறலாம் அல்லது இறுதி வெளியேற்றம் பெற்றுச் செல்லலாம். இரண்டும் செய்யாவிட்டால்தான் தலைமறைவு என்று பதிவாகும். அவருடைய புதிய நிறுவனம் விரைந்து முடித்ததால் தப்பினார். அந்த அறுபது நாளில் அவர் சரியாகத் தூங்கியதாக எனக்கு நினைவில்லை.

மூன்று மாதம் தொடர்ந்து சம்பளம் வராதவர்களுக்கும், இக்காமாவோ வேலை அனுமதியோ காலாவதியானவர்களுக்கும், நாட்டுக்குள் வந்து மூன்று மாதமாகியும் ஒப்பந்தம் பதிவாகாதவர்களுக்கும் ஓராண்டு நிபந்தனை பொருந்தாது. அவர்கள் சம்மதமின்றி மாறலாம். சம்பளம் வராததை நிரூபிக்க வங்கிக் கணக்கின் பட்டியலே போதும் என்பதால், கையில் ரொக்கமாக வாங்கிக்கொள்வதற்கு நான் எப்போதுமே எதிரி. தகராறு முற்றினால் மனிதவள அமைச்சகத்தின் 19911 என்ற எண்ணில் தொடங்கி, இணக்கத் தீர்வு முயற்சி, அது பலிக்காவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம் என்று வழி இருக்கிறது. எனக்கு அதுவரை போக நேரவில்லை.

என் முன்னறிவிப்புக் காலத்தின் நடுவே ரமலான் வந்தது. வேலை நேரம் ஆறு மணி நேரமாகக் குறைந்தது. நிர்வாக அலுவலகத்தில் யாரையும் பிடிக்க முடியவில்லை. கிடங்கை ஒப்படைக்க வேண்டிய புதிய ஆளும் பெருநாளுக்குப் பிறகுதான் வந்தார். மே கடைசி வாரத்தில் மேலாளர் ஒரு தாளை நீட்டினார். எனக்குச் சேர வேண்டிய எல்லாவற்றையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதியிருந்த முகாலசா. பணம் வந்ததும் போடுகிறேன் சார் என்றேன். ஏழாண்டு பழகியவர், முகம் சற்று வாடினார். 'எங்களை நம்பவில்லையா' என்றார். நம்புகிறேன், ஆனாலும் பணம் வந்ததும் போடுகிறேன் என்றேன். சட்டப்படி ஒரு வாரத்தில் வர வேண்டியது பதினோராம் நாள் வங்கியில் விழுந்தது. 18,000 ரியாலும், எடுக்காத விடுப்புக்கான பணமும். அன்று மாலையே போய்க் கையெழுத்திட்டேன்; தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

ஜூன் 1 அன்று காலையில் அப்ஷிரைத் திறந்தபோது முதலாளியின் பெயருக்கு நேரே புதிய நிறுவனம் இருந்தது. கையில் இருந்த அட்டையில் மட்டும் பழைய பெயரே இருந்தது. புதிய அட்டை மூன்று வாரம் கழித்து வந்தது. அதுவரை எங்காவது நிறுத்திக் கேட்டால் அட்டையைக் காட்டாமல் கைபேசியைக் காட்டினேன். மந்தூப் பழையதை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தபோது இரண்டையும் ஒரு நிமிடம் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 2-இல் தொடங்கும் அதே பத்து இலக்கம், அதே பழைய புகைப்படம். முதலாளி என்ற ஒரு வரி மட்டும் வேறாக இருந்தது.